ஓரம் கறுத்த பக்கங்கள்

ஆச்சியின் வேதப்புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், தாள்களின் விளிம்பில் நட்டநடுவே ஒரு கறுத்த பட்டை தெரியும். முன்பக்கங்களும் பின்பக்கங்களும் வெறுமனே பழுப்பேறியிருக்கின்றன. நடுவில் மட்டும் தலைக்கு வைத்த எண்ணெயும் வியர்வையும் அடுப்படிக் கரியும் சேர்ந்த விரலழுக்கு. அந்தக் கறுப்பில் நகத்தை விட்டுப் பிரித்தால் சங்கீதம் திறந்துகொள்ளும். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் வயதானவர்கள் வைத்திருந்த வேதப்புத்தகம் எதை எடுத்தாலும் இந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

உள்ளே பென்சிலால் தேதிகள் குறித்திருக்கிறாள். விளக்கம் எதுவும் இல்லை. நாள், மாதம், வருஷம் மட்டும். சில இடங்களில் பக்கத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்று ஒரு சொல். அவள் போன பிறகு புத்தகம் என் கைக்கு வந்தபோது, 23-ஆம் சங்கீதத்தின் ஓரத்திலும் 91-இன் ஓரத்திலும் தேதிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். கிறிஸ்தவ வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டுவது அவற்றைத்தானே. அங்கேயும் தேதிகள் உண்டு. ஆனால் அதிகம் இருந்தது 6, 13, 38, 42, 56, 77, 88, 130 ஆகியவற்றின் ஓரத்தில். எல்லாம் முறையீடுகள். கடவுளிடம் சண்டை போடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று பேசுகிற பாட்டுகள். தேறுதல் தேடிப் போன ஒரு பெண் ஏன் அழுகைப் பாட்டுகளிடம் போனாள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

சங்கீதப் புத்தகத்தைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் பலருக்கும் தெரிந்தவை. 150 பாடல்கள், ஐந்து பகுதிகள். எபிரேய மூலத்தில் 73 பாடல்களின் தலைப்பில் தாவீதின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்பிலுள்ள எபிரேய முன்னிடைச்சொல்லுக்குத் ‘தாவீது பாடியது’ என்றும் ‘தாவீதுக்கு உரியது’ என்றும் பொருள் கொள்ள முடியும். ஆசாப்பின் பெயரில் 12 உண்டு, கோராகின் புத்திரர் பெயரில் ஒரு தொகுதி உண்டு, மோசேயின் பெயரில் ஒன்று. சாக்கடல் ஓரத்தில் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் வேறெந்த வேதாகமப் புத்தகத்தையும் விடச் சங்கீதத்தின் பிரதிகளே அதிகம். இவ்வளவு போதும். நம் கேள்விக்கு முக்கியமான செய்தி வேறு. எபிரேயத்தில் இந்தப் புத்தகத்தின் பெயர் ‘தெஹில்லிம்’, அதாவது துதிகள். ஆனால் உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். புலம்பலை இவ்வளவு வைத்துக்கொண்டு துதி என்று பெயர் வைத்தவர்கள் தெரியாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

சங்கீதங்களை வகை பிரித்துப் படிக்கும் முறையை நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் குங்கல் (1862–1932). எந்தப் பாட்டை யார், எந்த வருஷம் எழுதினார் என்ற பழைய கேள்வியை அவர் ஒதுக்கிவைத்தார். எந்தச் சூழலில், எதற்காகப் பாடினார்கள் என்று கேட்டார். அப்படிப் பிரித்தபோது தனிமனிதப் புலம்பல்தான் மிகப் பெரிய வகையாக வந்தது. 23, 62, 131 போன்ற ‘நம்பிக்கைப் பாடல்கள்’ எண்ணிக்கையில் மிகக் குறைவு. இந்தச் சிறிய வகைக்குக் குங்கல் சொன்ன விளக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பெரும்பாலான புலம்பல்களுக்குள் ‘ஆனாலும் உம்மை நம்புகிறேன்’ என்ற தொனியில் ஒரு சிறு பகுதி இருக்கும். அந்தப் பகுதி வளர்ந்து, தாய்ச்செடியிலிருந்து பிரிந்து தனியாக வேர்விட்டதுதான் நம்பிக்கைப் பாடல் என்றார் அவர். நம் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கும் பாட்டு, ஒரு காலத்தில் ஒப்பாரிக்குள் இருந்த இரண்டு வரி.

13-ஆம் சங்கீதத்தில் இதை அப்படியே பார்க்கலாம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. கடவுள் மறந்துவிட்டார் என்று ஒன்று, முகத்தை மறைத்துக்கொண்டார் என்று ஒன்று, தன் மனசோடு தானே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒன்று, எதிரியின் கை ஓங்குகிறது என்று ஒன்று. பிறகு இரண்டு வசனம் விண்ணப்பம். அதன்பின், எந்த அறிவிப்பும் இல்லாமல், எபிரேயத்தில் ‘நானோ’ என்று தொடங்கி, தான் ஏற்கெனவே நம்பியிருப்பதாகச் சொல்கிறான். கடைசி வசனத்தில் பாடவே போகிறான். நடுவில் எதிரி போய்விட்டானா, நோய் தீர்ந்ததா என்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

இந்தத் திடீர்த் திருப்பம் ஆய்வாளர்களை நெடுநாள் அலைக்கழித்திருக்கிறது. குங்கலின் மாணவர் யோவாகிம் பெக்ரிக் 1934-இல் ஒரு விடை சொன்னார். முறையிட வந்தவன் அழுது முடித்ததும் ஆலயத்தில் இருந்த ஆசாரியன் ‘பயப்படாதே’ என்ற வாக்கைக் கடவுள் பெயரால் சொல்லியிருப்பான்; அதைக் கேட்டுத்தான் பாட்டின் தொனி மாறுகிறது; ஆசாரியன் சொன்னது மட்டும் ஏட்டில் ஏறவில்லை என்பது அவர் கருத்து. நேர்த்தியான விளக்கம்தான். ஏசாயா புத்தகத்தின் பின்பகுதியில் அப்படிப்பட்ட வாக்குகள் உண்டு என்பதால் ஆதாரமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழு நிறைவு வரவில்லை. ஆலயமும் ஆசாரியனும் போய் இரண்டாயிரம் ஆண்டுகளாகியும், தனியாக உட்கார்ந்து இந்தப் பாட்டைச் சொல்கிறவர்களுக்கு அந்தத் திருப்பம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்பதற்கே எதிரில் ஒருவர் வேண்டும். நம்பிக்கை ஐந்தாம் வசனத்தில் பிறக்கவில்லை. முதல் வசனத்தில் கடவுளைப் பார்த்துக் கேட்டபோதே அது உள்ளே வந்துவிட்டது. ஐந்தாம் வசனத்தில்தான் தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறது.

இதற்கு நெருக்கமான முடிவுக்கு வந்தவர் கிளாஸ் வெஸ்டர்மான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டு, ரஷ்யச் சிறைமுகாமில் கிடந்தவர். லூத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டுமே அவர் கையில் இருந்தன. எபிரேய மூலமோ நூலகமோ இல்லை. சங்கீதங்களில் கடவுளைத் துதிப்பது பற்றி 1954-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு வேர் அங்கே இருக்கிறது. புலம்பலும் துதியும் எதிர் எதிர் மூலையில் நிற்பவை அல்ல, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும் பாதை இருக்கிறது என்பதை அவர் விரிவாகக் காட்டினார். பட்டினி முகாமில் உட்கார்ந்து துதியைப் பற்றி யோசித்த மனிதர் சொல்வதால் இதற்கு என்னிடம் கூடுதல் மதிப்பு உண்டு.

நம்பிக்கை என்று நாம் சொல்வதற்கு எபிரேயத்தில் முக்கியமாக இரண்டு வினைகள். ஒன்று ‘பாத்தாஹ்’: சாய்ந்துகொள்வது, பாரத்தை ஒன்றின்மேல் போடுவது. இந்தச் சொல்லைச் சங்கீதக்காரர்கள் பக்திக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை. பணத்தின்மேல் சாய்ந்தவனுக்கும் இதே வினை (52), வில்லின்மேல் சாய்வதற்கும் இதே வினை (44), பிரபுக்களை நம்புவதற்கும் இதே வினை (146). மனிதன் எதையாவது நம்பித்தான் இருக்கிறான். எதன்மேல் என்பதுதான் பேச்சு. மற்றொன்று ‘ஹாஸா’: மழைக்கும் வேட்டைக்கும் தப்பி ஓரிடத்தில் ஒதுங்குவது. பாறையிடுக்கு, கோட்டை, பறவையின் சிறகு ஆகிய படங்கள் எல்லாம் இந்த வினையைச் சுற்றி வருகின்றன.

இரண்டாவது வினையைச் சொல்லத் தமிழில் ‘அடைக்கலம்’ இருந்தது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கிடைத்த பேறு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அடைக்கலம் என்றால் ஒதுங்குகிறவனின் செயல் மட்டுமில்லை. ஏற்றுக்கொண்டவர் தலைமேல் ஏறும் பொறுப்பும் சேர்ந்தது. அந்தப் பொறுப்பைச் சுட்டிக்காட்டிக் கடவுளிடமே உரிமையோடு கேட்கலாம் என்பதுதான் புலம்பல் பாட்டுகளின் துணிச்சல். தென்மாவட்டங்களில் பிள்ளைக்கு அடைக்கலம் என்று பெயர் வைக்கிறவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை, சொல்லே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

‘தேற்றுதல்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆறுதல் சொல்வதைத் தேற்றுவது என்கிறோம். காய்ச்சல்காரன் எழுந்து நடந்தால் தேறிவிட்டான் என்கிறோம். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன், ஆற்றிலும் குளத்திலும் புதுவெள்ளம் கலங்கி வரும் நாட்களில், மண்பானையின் உள்சுவரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் படியும். மேலே தெளிந்த நீர். வண்டல் பானையை விட்டு எங்கும் போகவில்லை, அடியில் அப்படியே இருக்கிறது. ஆனால் குடிக்க முடிகிறது. சங்கீதங்கள் தரும் தேறுதலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

இனி 23-க்கு வரலாம். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் கிரேக்க, லத்தீன் மரபின்படி இது 22 என்று எண்ணிடப்பட்டிருக்கும், பாட்டு ஒன்றுதான். இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூடக் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. முதல் மூன்று வசனங்களில் கடவுள் படர்க்கையில் இருக்கிறார். மேய்ப்பர் இப்படிச் செய்கிறார், அப்படி நடத்துகிறார் என்று, கேட்கிற யாரிடமோ அவரைப் பற்றிச் சொல்லும் பேச்சு. புல்லும் தண்ணீரும் இருக்கிற வரைக்கும் அப்படி. நான்காம் வசனத்தில் வழி இருண்ட பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. இறங்கியதும் பேச்சு முன்னிலைக்கு மாறிவிடுகிறது. ‘அவர்’ இருந்த இடத்தில் ‘நீர்’. வெளிச்சத்தில் பேசுபொருளாக இருந்தவர் இருட்டில் பக்கத்தில் இருப்பவராகிறார். நமக்குப் பழக்கமான, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முடிந்த தமிழ்த் திருப்புதல் இந்த மாற்றத்தைத் ‘தேவரீர்’ என்ற சொல்லால் அப்படியே காத்து வைத்திருக்கிறது.

எபிரேயத்தில் எண்ணிப் பார்த்தால் இன்னொரு வியப்பு. தலைப்பை விட்டுவிட்டால் இந்தச் சங்கீதத்தில் 55 சொற்கள். ‘நீர் என்னோடு இருக்கிறீர்’ என்ற பொருள் தரும் மூன்று சொற்களுக்கு முன்னால் 26, பின்னால் 26. நானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. எழுதியவன் எண்ணித்தான் வைத்தானா என்பதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டின் நடுக்கட்டில் நிற்பது விளக்கமோ வாக்குறுதியோ இல்லை, உடனிருப்பு. பள்ளத்தாக்கு ஏன் வந்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கோலும் தடியும் தேற்றுகின்றன என்று அடுத்து வருகிறது. இருட்டில் ஆட்டுக்கு மேய்ப்பனின் முகம் தெரியாது. தடி பாறையில் தட்டும் சத்தம் கேட்கும், முதுகில் கோல் படும்.

கடைசி வசனத்தின் வினை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நன்மையும் கிருபையும் ‘தொடரும்’ என்கிறது பழைய திருப்புதல். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘புடைசூழ்ந்து’ வருவதாகச் சொல்கிறது. இரண்டும் மென்மையானவை. மூலத்திலுள்ள ‘ராதஃப்’ துரத்துவது. எதிரிகள் உயிரைப் பிடிக்கத் துரத்துகிறார்கள் என்று 7-லும் 143-லும் கதறும்போது வருவது இதே வினை. வாழ்நாளெல்லாம் துரத்தப்பட்டுப் பழகிய ஒருவன், இப்போது தன்னைத் துரத்திக்கொண்டு வருவது அன்பு என்று கண்டுபிடித்துச் சொல்கிறான். ஓடி ஓடிக் களைத்தவர்களுக்குத்தான் இந்தச் சொல்லின் சூடு தெரியும். தமிழில் இதை யாராவது ஒருநாள் துணிந்து ‘துரத்தும்’ என்றே போட வேண்டும்.

91-ஐப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. கொள்ளைநோய், அம்பு, சிங்கம், பாம்பு எதுவும் அண்டாது என்று பேசும் பாட்டு அது. கும்ரானில் பேயோட்டும் பாடல்களோடு சேர்த்து ஒரு சுருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எகிப்தில் கிடைத்த பழைய கிரேக்கத் தாயத்துகளிலும் இதன் வரிகள் இருக்கின்றன. ஆபத்தில் இருக்கிறவர்கள் இதைப் பற்றிக்கொள்வதில் தவறு காண எனக்கு மனம் வராது. ஆனால் மத்தேயுவும் லூக்காவும் எழுதிய சுவிசேஷங்களில் இந்தப் பாட்டை மேற்கோள் காட்டுவது யார்? ஆலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதித்துப் பார் என்று சொல்லும் பிசாசு. இயேசு குதிக்கவில்லை. பிறகு சிலுவையில் அவர் வாயில் வந்தது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம், கைவிடப்பட்டவனின் கேள்வி. நோய் வந்தவரைப் பார்த்து, விசுவாசம் போதவில்லை, 91-ஐச் சொல்லியிருந்தால் வந்திருக்காது என்று பேசுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். படுக்கையில் கிடந்தவரின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. அடைக்கலத்தைக் காப்பீட்டுப் பத்திரமாக மாற்றுவது அந்தப் பாட்டுக்குச் செய்யும் அநியாயம், அந்த நோயாளிக்குச் செய்யும் கொடுமை. அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புருகெமன் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புலம்பலை இழந்த வழிபாட்டில் மனிதனுக்கு மிஞ்சுவது பொய்த்துதியும் குற்றவுணர்ச்சியும்தான் என்ற பொருளில் எச்சரித்தார். அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிய முகத்தை நினைக்கும்போதெல்லாம் அவர் சொன்னது சரி என்றே படுகிறது.

சங்கீதத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தவர்களில் நாத்தான் ஷரான்ஸ்கியை நான் அடிக்கடி நினைப்பேன். சோவியத் நாட்டில் யூதர்களின் குடியேற்ற உரிமைக்காகப் போராடியவர், படிப்பில் கணிதக்காரர், பக்தியான வளர்ப்பு இல்லை. 1977 மார்ச்சில் கைதானார்; மறு ஆண்டு 13 ஆண்டுத் தண்டனை. மனைவி அவித்தால் கொடுத்தனுப்பிய உள்ளங்கையளவு எபிரேயச் சங்கீதப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. சிறையில் அதைப் பறித்தார்கள். அதைத் திரும்பப் பெறவே போராட வேண்டியிருந்தது. 1980-இல் தகப்பனார் இறந்த செய்தி வந்த பிறகு, அவர் நினைவாக 150 சங்கீதங்களையும் படித்து முடிப்பது என்று உட்கார்ந்தார். எபிரேயம் தட்டுத்தடுமாறிக் கற்றது. பொருள் தெரியாத சொல்லைப் பக்கத்துச் சொல்லை வைத்து ஊகித்து ஊகித்துப் போனார். சடங்காக ஓத முடியாத நிலை என்பதால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று போக வேண்டியிருந்தது அவருக்கு. 1986 பிப்ரவரி 11 அன்று பெர்லின் அருகே கிளீனிக்கே பாலத்தில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். அதற்குமுன் விமானத்தில் ஏற்ற வந்தபோது புத்தகம் கையில் இல்லை என்று கண்டு, கொடுக்காமல் ஓரடி நகர மாட்டேன் என்று பனியில் படுத்துவிட்டார். விடுதலை பத்தடி தூரத்தில் நிற்கிறது. மனிதர் புத்தகத்துக்காகத் தரையில் கிடக்கிறார். கொடுத்தார்கள். பிறகு எழுதிய நினைவுநூலுக்கு 23-ஆம் சங்கீதத்திலிருந்தே தலைப்பெடுத்தார்.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1940-இல் சங்கீதங்களை வேதாகமத்தின் ஜெபப்புத்தகம் என்று அழைத்துச் சிறுநூல் எழுதியவர். நாஜிகளின் சிறையிலும் நாள்தோறும் அவற்றைப் படித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தின் ஓரத்தில் ஒரு தேதி இருக்கிறது: 9.11.38. ஜெர்மனியெங்கும் யூதத் தொழுகைக்கூடங்களைக் கொளுத்திய இரவு. அந்த வசனம் தேசத்திலுள்ள கடவுளின் கூடங்கள் எரிக்கப்பட்டதைப் பற்றிய முறையீடு. விளக்கம் எதுவும் எழுதாமல் தேதியை மட்டும் குறித்திருக்கிறார். இதைப் படித்த அன்று ஆச்சியின் புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் பிரித்தேன்.

56-இன் ஓரத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல் இருந்தது. காத் ஊரில் பெலிஸ்தரிடம் மாட்டிக்கொண்ட தாவீதின் பாட்டு என்று தலைப்பிட்ட சங்கீதம். பயமும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன; பயப்படுகிற நாளில்தான் நம்புவேன் என்கிறான், பயம் தீர்ந்த பிறகு என்று சொல்லவில்லை. தன் கண்ணீரைத் துருத்தியில் பிடித்து வைக்கும்படி கடவுளைக் கேட்கிறான். துருத்தி என்றால் தண்ணீர் வைக்கும் தோற்பை. பாலைவழியில் அதில் சேர்ப்பது உயிர்த்தண்ணீரை. அந்தப் பையில் ஊற்றக் கண்ணீரை நீட்டுகிறான்.

131-இன் ஓரத்திலும் ஒரு தேதி. மூன்றே வசனம், பால்மறந்த பிள்ளை தாயின்மேல் கிடப்பதுபோல் தன் ஆத்துமா கிடக்கிறது என்கிற பாட்டு. பால்குடிக்கிற பிள்ளை என்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பால்மறக்கடிப்பது எவ்வளவு பெரிய போராட்டம் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள்; பிள்ளை கசப்பில் முகம் சுளித்து, வீறிட்டு, நாலைந்து இரவு வீட்டையே தூங்கவிடாது. பழைய இஸ்ரவேலில் மூன்று வயதுவரைகூடப் பால் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் அந்தப் பிள்ளைக்கு நடக்கிறது எல்லாம் தெரியும், கேட்கவும் தெரியும். அத்தனைக்கும் பிறகு அதே தாயின்மேல், எதையும் கேட்காமல் வந்து படுக்கிறது. மறுத்த அதே மடி. மறுப்பைக் கடந்து வந்த நம்பிக்கையைச் சொல்ல இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் பிள்ளைகளை அருகில் இருந்து பார்த்தவர்.

மீதி 88. சங்கீதங்களிலேயே இருண்டது இதுதான். மற்றப் புலம்பல்களில் ‘நானோ’வைத் தொடர்ந்து வருகிற நம்பிக்கை இங்கே வரவில்லை, திருப்பம் இல்லை, துதிக்கும் வாக்கு இல்லை. எபிரேயத்தில் கடைசிச் சொல்லே இருள். தொகுத்தவர்கள் இதன் வாலில் இரண்டு ஆறுதல் வரியை ஒட்டவைத்திருக்கலாம், ஒட்டவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இந்தப் பாட்டிலும் கர்த்தரின் பெயர் நான்கு முறை வருகிறது. இரவும் பகலும் கூப்பிட்டேன் என்கிறான், தினந்தோறும் கூப்பிட்டேன் என்கிறான், விடியற்காலையில் என் விண்ணப்பம் உமக்கு முன்னால் வந்து நிற்கும் என்கிறான். பதில் வரவில்லை. மறுநாளும் வந்து நிற்கிறான்.

ஆச்சியின் புத்தகத்தில் 88-இன் ஓரத்தில் ‘ஸ்தோத்திரம்’ இல்லை. ஒரு தேதி, அதன் கீழே அடுத்த வருஷத்தின் அதே தேதி, அதன் கீழே அதற்கடுத்த வருஷம். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன அவளுடைய மூத்த மகளின் நாள் அது என்று அம்மா சொன்னாள். ஓரத்தில் இடம் போதாமல் தேதிகள் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி, மடிந்து, மேல் ஓரத்துக்கு ஏறியிருக்கின்றன. முப்பத்தொரு தேதிகள் எண்ணினேன். கடைசித் தேதியில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரிந்து கிடக்கின்றன. அந்த வருஷம் அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பக்கத்தை விரல்தான் தேடி எடுத்திருக்க வேண்டும்.